முப்பத்தாறு வருடமாக விழுந்துகொண்டிருந்த ஐந்து துளிகள்

செப்டம்பர் 2, செவ்வாய்

இடது முழங்கால் இன்று பரவாயில்லை. வலது, அதற்கும் சேர்த்து வலித்தது.

காலேஜிலிருந்து போன். லேப் அட்டெண்டர் வேலையில் ஓய்வு பெற்றுப் பதினொரு வருடம் கழித்து யாருக்கு என் நினைப்பு வந்தது என்று பார்த்தால், பௌதிகத் துறைக்குப் புதிதாக வந்த தலைவியம்மா. புதிது என்றால் மூன்று வருடம் ஆகிறது. அங்கே முப்பது வருடம் இருந்தால்தான் பழசு. வேறு ஊரில், வேறு காலேஜில் படித்துவிட்டு வந்தவர். "ஐயா, நாளைக்கு ஒரு நடை வந்துட்டுப் போறீங்களா? உங்களுக்கு ஒரு ஆச்சரியம் வச்சிருக்கேன்" என்றார். என் வயதில் ஆச்சரியமெல்லாம் ரத்தப் பரிசோதனையில்தான் வரும்.

எனக்கு எழுத்து வராது. எண் வரும். கடிகாரம், மீட்டர், பஸ் நம்பர், இதில் எவனும் என்னை ஏமாற்ற முடியாது. இந்தக் குறிப்பை நான் சொல்லச் சொல்ல எழுதுவது வீட்டுக்காரி. என் பேச்சை இஸ்திரி போட்டு எழுதுகிறாள். நாற்பத்தாறு வருடத்தில் நான் சொல்வதை அவள் கேட்பது இந்த அரை மணி நேரம்தான் என்பதால் ஒரு நாளும் விடுவதில்லை.

(இதையும் எழுதினேன். என் பெருந்தன்மை.)

செப்டம்பர் 3, புதன்

போனேன். போயிருக்கக் கூடாது.

தலைவியம்மா ஸ்டோர் ரூமில் பழைய ரெக்கார்டு நோட்டுகளைக் கண்டுபிடித்திருக்கிறார். பரீட்சை முடிந்ததும் பழைய பேப்பருக்குப் போடச் சொல்வார்கள். எழுதத் தெரியாதவனுக்கு, எழுதிய தாளைத் தூக்கிப் போட மனம் வருமா? வருடவாரியாகக் கட்டி, அட்டைப்பெட்டியில் போட்டு, எலி கடிக்காமல் காத்து வைத்தேன். எனக்குப் பின்னால் வந்தவனும் அதே வழக்கத்தில் வைத்திருக்கிறான். நல்லதுக்குக் காலமில்லை.

"நாலாயிரத்து இருநூறு பேர் ஐயா! முப்பத்தாறு வருஷம்! எல்லாரோட எண்ணெய்த் துளி அளவையும் நானே உக்காந்து கம்ப்யூட்டர்ல ஏத்தினேன். ஒரு கோடை விடுமுறை பூரா போச்சு. இங்க பாருங்க!"

திரையில் ஒரு படம். வெறும் தரையில் ஐந்து கோபுரம். ஊசி மாதிரி. கோபுரத்துக்கும் கோபுரத்துக்கும் நடுவே ஒன்றுமே இல்லை.

"எந்த மாணவர் லேப்லயும் இவ்வளவு கூரா வந்து நான் பார்த்ததில்ல. வர்ற இருபத்தாறாம் தேதி வெளியூர்ல இருந்து பெரிய பெரிய அறிஞருங்க வர்றாங்க. அவங்க முன்னாடி இதைத்தான் படிக்கப் போறேன். இதுக்கெல்லாம் காரணம் யாரு தெரியுமா? நீங்க. அந்தக் கருவியைக் கண்ணு மாதிரி பார்த்துக்கிட்ட உங்க கை."

நான் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஐந்து பேரையும் எனக்குத் தெரியும். இடது ஓரத்தில் ஒல்லியாக நிற்பவன் சோம்பேறி. அடுத்தது அவசரக்காரி. நடுவில் ஊமை. அப்புறம் மாப்பிள்ளை. கடைசியில் குண்டன்.

காபி கொடுத்தார். ஆறவைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

செப்டம்பர் 5, வெள்ளி

"என்னவோ மாதிரி இருக்கே, சொல்லித் தொலையேன்" என்று வீட்டுக்காரி இரண்டு நாளாகப் பிடுங்குகிறாள். சொல்கிறேன், எழுதிக்கொள்.

முதலில் அந்தச் சோதனையைச் சொல்ல வேண்டும். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு பித்தளைத் தட்டு, நடுவே ஒரு பென்சில் பருமன் இடைவெளி. மேல் தட்டில் ஊசிமுனை அளவு ஓட்டை. சென்ட் பாட்டில் மாதிரி ஒன்றால் எண்ணெயைப் பீய்ச்சினால், அந்த ஓட்டை வழியாக ஒன்றிரண்டு துளி உள்ளே இறங்கும். பக்கத்தில் விளக்கு, மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தால், வெயில் கற்றையில் தூசி மினுங்குமே, அப்படித் தெரியும். பீய்ச்சும்போதே உரசி உரசித் துளி மேல் கொஞ்சம் மின்சாரம் ஏறிக்கொள்ளும். பூமி அதைக் கீழே இழுக்கும். சுவிட்சைப் போட்டால் தட்டு மேலே இழுக்கும். குமிழைத் திருகித் திருகி, இரண்டு இழுப்பும் சமமாகிற இடத்தில் துளி அந்தரத்தில் அப்படியே நிற்கும். அப்போது எத்தனை வோல்ட் என்று எழுதிக்கொள்ள வேண்டும். சுவிட்சை அணைத்தால் துளி விழும். மைக்ராஸ்கோப்புக்குள் தெரியும் ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்கு வர எத்தனை விநாடி என்று பார்க்க வேண்டும். இந்த இரண்டு எண் கிடைத்தால் போதும். துளி மேல் எவ்வளவு மின்சாரம் என்று போட்டுவிடலாம். அது படிக்கட்டு மாதிரி, ஒன்று, இரண்டு, மூன்று என்றுதான் வருமாம். ஒன்றரைப் படி கிடையாது. அந்த ஒரு படி என்ன உயரம் என்று கண்டுபிடிப்பதுதான் சோதனை.

வீட்டுக்காரி கேட்டாள்: "அப்போ உன் அக்கா ஒரு பக்கம் இழுத்து, நான் ஒரு பக்கம் இழுத்து, நீ பேசாம நிக்கிற மாதிரியா?"

அதே மாதிரிதான். ஆனால் ஒன்று. அந்தரத்தில் நிற்கும் துளியின் மேல் எந்த வேலையும் நடக்கவில்லை என்பார்கள் வாத்தியார்கள். விழும்போதுதான் அதன் உயரச் சொத்து கரைந்து காற்றைச் சூடாக்குகிறதாம். நிற்கும்போது சக்தி வரவுமில்லை, செலவுமில்லை. இந்த ஒன்றை மட்டும் நான் ஒப்புக்கொள்ளவே இல்லை. ஒருமுறை வகுப்பு நடுவிலேயே கேட்டுவிட்டேன்: "சார், எட்டு மணி நேரம் இந்த மூலையில நிக்கறேன். நிக்கறது வேலை இல்லீங்களா?" அவர் சிரிக்காமல் சொன்னார்: "அட்டெண்டர், பௌதிகப்படி நீங்க இதுவரைக்கும் ஒரு வேலையும் செய்யல."

பிள்ளைகள் அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் ஜன்னல் அதிர்ந்தது. மீதியை நாளை சொல்கிறேன்.

செப்டம்பர் 6, சனி

மீதி.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தொன்பது பிப்ரவரி. ஆறாம் தேதி திங்கட்கிழமை தொடங்கிப் பத்தாம் தேதி வெள்ளி வரை, வெளியிலிருந்து ஓர் ஆராய்ச்சிக்காரர் வந்து அந்தக் கருவியோடு உட்கார்ந்தார். நாளுக்கு ஒரு துளி. காலையில் பிடித்தால் சாயங்காலம் வரை அதே துளியை ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கி, வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி எழுதுவார். குமிழ் என் கையில். பேச்சுத் துணைக்கு ஆளில்லாமல் துளிகளுக்குப் பெயர் வைத்தேன். குண்டன் முந்நூற்று எண்பத்தைந்து வோல்ட்டில் நிற்பான், விட்டால் ஆறு புள்ளி இரண்டு விநாடியில் தொப்பென்று கீழே. சோம்பேறிக்கு இறங்க இருபத்து நான்கு விநாடி. மாப்பிள்ளைக்கு நூற்று இருபத்திரண்டு வோல்ட் காட்டினாலே போதும், மேலே ஏறி உட்கார்ந்துகொள்வான். ஊமை இருநூற்று நாற்பத்தொன்பது; பதினொன்று புள்ளி நான்கு.

ஆராய்ச்சிக்காரர் போய்விட்டார். எண்கள் என்னிடம் தங்கிவிட்டன. எனக்குள் போனது எதுவும் வெளியே போவதில்லை. அது என் சாபம்.

மார்ச் பதினான்காம் தேதி செய்முறைப் பரீட்சை. ஒரு பெண். இரண்டரை மணி நேரமாக ஒரு துளியும் நிற்கவில்லை அவளுக்கு. வெளியே அப்பா காத்துக்கொண்டிருக்கிறார் என்று சொல்லிச் சொல்லி அழுகிறாள். தேர்வாளர் டீ குடிக்கப் போயிருந்தார். அவள் மேஜையைத் துடைக்கிற மாதிரி குனிந்து, "இருநூத்து நாப்பத்தொம்பது. பதினொன்னு புள்ளி நாலு. எழுதும்மா" என்றேன்.

அவளுக்கு முழு மதிப்பெண்.

மறுநாள் பரீட்சைக்கு ஆறு பேர் வந்தார்கள். அதற்கு மறுநாள் வகுப்பே வந்தது. எல்லோருக்கும் ஊமையையே கொடுத்தால் மாட்டிக்கொள்வோம் என்று ஐந்து பேரையும் பங்கு போட்டேன். பதிவு எண் ஒன்றிலோ ஆறிலோ முடிந்தால் குண்டன். இரண்டு, ஏழு என்றால் சோம்பேறி. மூன்று, எட்டுக்கு ஊமை. இப்படியே. "கடைசி எண்ணை மட்டும் உன் இஷ்டத்துக்குக் கொஞ்சம் முன்னே பின்னே மாத்திக்கோ, அதுதான் உன் உழைப்பு" என்பேன். நான் ஓய்வு பெற்ற பிறகு மூத்த பிள்ளைகள் இளைய பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். வாய் வழியாகவே. ஒரு எண் பிசகவில்லை என்று பெருமையாகத்தான் இருந்தது இத்தனை நாள்.

முப்பத்தாறு வருடமாக அந்தக் காலேஜில் மொத்தம் ஐந்தே துளிதான் விழுந்துகொண்டிருக்கிறது. அந்த அம்மா அதை நாலாயிரத்து இருநூறு என்று எண்ணிவிட்டார். பெரிய மனிதர்கள் முன்னால் படித்தால், அவர்களில் ஒருவருக்காவது உறைக்காதா? சபையில் வைத்து அந்த அம்மாவின் மானத்தை வாங்கிவிடுவார்களே.

வீட்டுக்காரி சொன்னாள்: "நீ போய்ச் சொல்லணும்."

தெரியும்.

செப்டம்பர் 9, செவ்வாய்

தலைவியம்மாவுக்குப் போன் செய்தேன். எடுத்தார். வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 11, வியாழன்

நேரிலேயே போனேன். வழி நெடுக முதல் வரியை உருப்போட்டுக்கொண்டு போனேன்: "அம்மா, அந்தக் கோபுரத்தையெல்லாம் நான்தான் கட்டினேன்."

சொல்லியும் விட்டேன்.

"நானும் அதைத்தானே ஐயா எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்கேன்!" என்றார்.

"அப்படியில்லம்மா, தப்பு என் பேர்ல..."

"தப்பு வராம பார்த்துக்கிட்டதுதான் உங்க பேர்ல. சும்மா இருங்க. எவ்வளவு தன்னடக்கம் பாருங்க!"

இதை அவர் சொன்னது அறையிலிருந்த ஆறு வாத்தியார்களிடம். ஆறு பேரும் என்னிடம் எண் வாங்கிப் பரீட்சை எழுதியவர்கள்தான். ஆறு பேரும் கூரையைப் பார்த்தார்கள். அங்கே ஒன்றுமில்லை, நானும் பார்த்தேன்.

கிளம்பும்போது கையில் ஓர் அழைப்பிதழ். வீட்டுக்கு வந்ததும் வீட்டுக்காரி படித்தாள். விழாவின் சிறப்பு விருந்தினர் நான். என் பெயருக்கு முன்னால் 'துல்லியத்தின் காவலர்' என்று போட்டிருக்கிறதாம். இரண்டு முறை படிக்கச் சொன்னேன். முதல் முறை நம்பாததால். இரண்டாம் முறை... சரி, ஆசைதான்.

செப்டம்பர் 14, ஞாயிறு

முழுசாகச் சொல்லவில்லை நான். வீட்டுக்காரியிடமும் சொல்லவில்லை. இந்தக் குறிப்பில் பொய் இருந்தால் பிறகு எதற்குக் குறிப்பு?

அந்தப் பெண்ணுக்கு ஏன் துளி நிற்கவில்லை? அவள் மக்கு என்பதாலா? இல்லை.

பிப்ரவரி இருபத்தொன்றாம் தேதி, செவ்வாய், காலை ஒன்பதேகால். தட்டைத் துடைக்கக் கழற்றினேன். கை வழுக்கிவிட்டது. தரையில் விழுந்து, உருண்டு, பீரோ காலில் முட்டி நின்றது. ஓரம் நசுங்கிவிட்டது. பார்வைக்குத் தெரியாது, விரலால் தடவினால் தெரியும். மாட்டிப் பார்த்தேன். ஒரு பக்கம் சாய்ந்தது. தட்டு சாய்ந்தால் இழுப்பும் சாயும். துளி நேராக மேலே போகாமல், நண்டு மாதிரி பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து பார்வையை விட்டே ஓடிவிடும். ஒரு துளியையும் பத்து விநாடி சேர்ந்தாற்போல் நிறுத்த முடியாது.

அப்போது என் வேலை நிரந்தரம் ஆகவில்லை. சின்னவள் வயிற்றில். சொன்னால் அன்றைக்கே சீட்டைக் கிழித்திருப்பார்கள். விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று இருந்துவிட்டேன்.

அந்தப் பெண் அழுதது என்னால். நான் எண் கொடுத்தது இரக்கத்தால் இல்லை, பயத்தால். யாராவது ஒருத்தர் 'கருவி கோளாறு' என்று எழுதிக் கொடுத்துவிட்டால்? அதனால்தான் எல்லோருக்கும் அள்ளி அள்ளிக் கொடுத்தேன், கேட்காதவனுக்கும் கூப்பிட்டு. நாலாயிரம் பிள்ளைகள் என்னை வள்ளல் என்று

செப்டம்பர் 18, வியாழன்

மேலே பாதியில் நிற்கும் வரி அவள் பேனாவைக் கீழே வைத்த இடம்.

நான்கு நாள் எழுத மறுத்துவிட்டாள். பேசவுமில்லை. டீ மட்டும் வந்தது, டம்ளர் சத்தத்தோடு. இன்று உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் கேட்டது இதுதான்:

"முப்பத்தாறு வருஷம் என்கிட்டக்கூட சொல்லல. நான் என்ன, தேர்வாளரா?"

"பயந்துட்டேன்டி."

"வேலை போயிருந்தா வேற வேலை. இந்தச் சுமையைத் தூக்கிக்கிட்டு நின்னியே, அது வேலை இல்லையாமா உங்க பௌதிகத்துல?"

அவளே முடித்தாள்: "இருபத்தாறாம் தேதிக்குள்ள சொல்லு. இல்லன்னா நான் போய்ச் சொல்லுவேன். எனக்கு எழுதவும் தெரியும், படிக்கவும் தெரியும்."

செப்டம்பர் 19, வெள்ளி

கண்ணாடி வாத்தியார் வீட்டுக்கு வந்தார். கூரையைப் பார்த்த ஆறு பேரில் மூத்தவர். தொண்ணூற்று மூன்றில் அவருக்குக் குண்டனைக் கொடுத்தவன் நான். இன்று அவரும் கிட்டத்தட்ட அதே பருமன். இருபத்தாறு வருடமாகச் செய்முறைத் தேர்வாளர்.

உள்ளே வந்ததும் கதவைச் சாத்தினார். "அண்ணே, நீங்க எதையோ சொல்லப் போறதா ஒரு பேச்சு அடிபடுது."

"ஆமா."

"அண்ணே, என் மாமனார் இன்னும் உயிரோட இருக்கார்."

அதற்கும் இதற்கும் என்ன என்று புரியவில்லை. பிறகு விளங்கியது: பௌதிகத்தில் தங்கப் பதக்கம் என்று சொல்லித்தான் பெண் எடுத்திருக்கிறார்.

"அந்தம்மா நல்லா இருக்கட்டும்ணே. படிக்கட்டும், கைதட்டட்டும், போகட்டும். வர்றவங்க எல்லாம் சாப்பாட்டு நேரத்தையே பார்த்துக்கிட்டு இருப்பாங்க. யாரு கண்டுபிடிக்கப் போறா?"

"கண்டுபிடிச்சா?"

"கண்டுபிடிச்சா... அது அவங்க கோடை விடுமுறை. நம்ம விடுமுறை இல்லையே."

அதுவரை உள்ளே இருந்த வீட்டுக்காரி வெளியே வந்தாள். "தம்பி, டீ வைக்கட்டுமா, இல்ல கிளம்புறீங்களா?" என்று கேட்டாள். அவள் கேட்ட தொனியில் டீக்கு இடமில்லை. கிளம்பிவிட்டார். குடையை மறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். எடுக்க வரவும் மாட்டார்.

செப்டம்பர் 22, திங்கள்

மேடைக்கென்று மருமகன் புதுச் சட்டை வாங்கி அனுப்பியிருக்கிறான். கழுத்து இறுக்கம். என் கழுத்துக்கு எது சரி என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

செப்டம்பர் 24, புதன்

சொல்லிவிட்டேன். வரிசையாகச் சொல்கிறேன், விடாமல் எழுது.

பதினோரு மணிக்கு லேப். தலைவியம்மா மட்டும். மேஜை மேல் ரெக்கார்டு நோட்டு மலை. விழாவில் அடுக்கி வைக்கப் போகிறாராம். நான் பேச ஆரம்பித்தால் இவர் அதைத் தன்னடக்கமாக்கிவிடுவார் என்று தெரிந்துவிட்டது. ஆகவே வேறு வழி எடுத்தேன்.

"அம்மா, எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு உங்களுக்குத் தெரியும்."

"அதனால என்ன ஐயா..."

"சுவரைப் பார்த்துத் திரும்பி நிக்கறேன். நீங்க ஏதாவது ஒரு நோட்டை எடுங்க. வருஷமும் பதிவு எண்ணும் மட்டும் சொல்லுங்க."

விளையாட்டு என்று நினைத்துவிட்டார். "தொண்ணூத்தேழு. பதிவு எண் முப்பத்தெட்டு."

"இருநூத்து நாப்பத்தொம்பது வோல்ட். பதினொன்னு புள்ளி நாலு. கடைசி எண்ணு முன்னே பின்னே இருக்கும்."

தாள் புரளும் சத்தம். "ஐயோ! பதினொன்னு புள்ளி மூணு!" கை தட்டினார். "இரண்டாயிரத்து ஆறு. பதினொன்னு."

"முந்நூத்து எண்பத்தஞ்சு. ஆறு புள்ளி ரெண்டு."

"சரி! இரண்டாயிரத்து பத்தொன்பது. அப்போ நீங்க இங்க இல்லவே இல்லையே. நாப்பத்தேழு."

"இருபத்து நாலு விநாடி. சோம்பேறி."

"என்னது?"

"ஒண்ணுமில்லம்மா. அடுத்தது."

ஒன்பது நோட்டு. நான்காவது வரை சிரித்துக்கொண்டே கேட்டார். ஆறாவதில் சிரிப்பு நின்றது. எட்டாவதில் குரல் மாறிவிட்டது. சுவரில் ஒரு விரிசல் இருந்தது, அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஐயா... நாலாயிரத்து இருநூறையும் மனப்பாடம் பண்ணி வச்சிருக்கீங்களா?"

"இல்லம்மா. அஞ்சுதான். அஞ்சே அஞ்சு."

பிறகு நாற்காலி இழுபடும் சத்தம். திரும்பினேன். உட்கார்ந்துவிட்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன்: பிப்ரவரி ஆறு, பிப்ரவரி இருபத்தொன்று, மார்ச் பதினான்கு. கருவியைக் கழற்றி, நசுங்கிய ஓரத்தில் அவர் விரலைப் பிடித்து வைத்துக் காட்டினேன்.

அவர் திட்டியிருந்தால் தேவலை. விரலை எடுக்காமல் கேட்டார்: "யாருமே... ஒருத்தர்கூட தானா அளக்கலையா?"

ஒருவன் அளந்தான் என்று சொன்னேன். தொண்ணூற்றொன்பது, பதிவு எண் இருபத்து மூன்று. ஊமை அவனுக்கு உரியவன். போய்ச் சொன்னபோது, "வேணாம்ணே, எனக்கு என்ன வருதோ அதையே எழுதிக்கறேன்" என்றான். ஏழு நாள் சாயங்காலம் வந்து உட்கார்ந்தான்.

நோட்டைத் தேடி எடுத்தார். விடை கன்னாபின்னா என்று வந்திருக்கிறதாம். கீழே அவன் கையெழுத்தில் ஒரு வரி: துளி நேராக எழும்பவில்லை, தட்டு மட்டமாக இல்லை என்று சந்தேகிக்கிறேன். அதன் குறுக்கே சிவப்பு மையில் பெரிய கோடு: 'தவறு. மீண்டும் செய்க.' தேர்வாளர் கையெழுத்தையும் படித்துக் காட்டினார்: கண்ணாடி வாத்தியாருடையது.

அந்த நோட்டை மட்டும் தனியாக எடுத்து வைத்துக்கொண்டார். அதன் கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றும்போது, கோபுரத்துக்கு வெளியே விழுகிறதே, பிழையாக இருக்கும் என்று அவரே தள்ளிவிட்டாராம். அதைச் சொல்லும்போதுதான் அவர் குரல் உடைந்தது.

"நீங்க போங்க ஐயா" என்றார்.

வந்துவிட்டேன்.

செப்டம்பர் 25, வியாழன்

போன் வரவில்லை. புதுச் சட்டையை மடித்து வைக்கச் சொன்னேன்.

செப்டம்பர் 26, வெள்ளி

போக மாட்டேன் என்றேன். வீட்டுக்காரி, "உன் சாய்ஞ்ச தட்டுல அந்தம்மா ஒத்தையில நிக்கிறா. போய்ப் பின்னாடியாவது உக்காரு" என்றாள். கூடவே அவளும் வந்தாள், நான் வழியில் வேறு பஸ் ஏறிவிடுவேன் என்று.

கடைசி வரிசை. முன்வரிசையில் பதினான்கு வெளியூர் அறிஞர்கள். கண்ணாடி வாத்தியார் பக்கவாட்டுக் கதவை ஒட்டி, ஓடத் தோதாக.

தலைவியம்மா மேடையேறி முதலில் ஐந்து கோபுரத்தையும் காட்டினார். அரங்கமே 'அடேயப்பா' என்றது. ஒரு அறிஞர் எழுந்து நின்றே கைதட்டினார். ஐயோ, சொல்லாமலே விட்டுவிடுவாரோ? அப்படி விட்டால் எனக்கு நல்லதா, கெட்டதா? அந்தக் கணத்தில் எனக்கே தெரியவில்லை.

கைதட்டல் அடங்கக் காத்திருந்தார். "இது நாலாயிரத்து இருநூறு துளி இல்ல" என்றார். "அஞ்சு துளி. முப்பத்தாறு வருஷம் முன்னாடி ஒருத்தர் நேர்மையா அளந்த அஞ்சு துளி. மீதி எல்லாம் அதோட நகல். முந்தா நாள் வரைக்கும் எனக்கு இது தெரியாது. தெரியாம உங்களை எல்லாம் கூப்பிட்டுட்டேன்."

பிறகு நசுங்கிய தட்டைத் தூக்கிக் காட்டினார். யார் கை வழுக்கியது என்று சொல்லவில்லை. 'எங்கள் லேப்பில்' என்று மட்டும் சொன்னார். யார் சிவப்புக் கோடு போட்டார் என்றும் சொல்லவில்லை. பதிவு எண் இருபத்து மூன்றின் பக்கத்தைத் திரையில் போட்டார். "இந்தக் காலேஜ்ல முப்பத்தாறு வருஷத்துல நடந்த ஒரே பரிசோதனை இதுதான். இதுக்கு நாங்க சுழியம் போட்டோம். நானும் இதைத் தூக்கிப் போட்டேன்."

எழுந்து நின்று கைதட்டியவர் மெதுவாக உட்கார்ந்தார். முன்வரிசையில் ஒருவர் சிரித்தார். அது தொற்றிக்கொண்டது. அந்த அம்மாவைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில்லை அது. தன் பள்ளிக்கூட நாளை நினைத்துக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு. தலைவியம்மா முகத்தில் சிரிப்பும் இல்லை, அழுகையும் இல்லை. ஆனால் மானம் இருந்தது. அது போகவில்லை. அதற்காகத்தான் நான் இந்த மாதம் முழுக்கச் செத்துச் செத்துப் பிழைத்தேன்.

கூட்டம் கலைந்தபோது அறிஞர்களில் வயதானவர், வெள்ளைத் தாடி, என் பக்கம் வந்து குனிந்தார். யாரோ கைகாட்டியிருக்க வேண்டும்.

"நீங்கதானே அது?"

"ஆமாங்க."

சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மெல்லக் கேட்டார்: "அஞ்சா? எங்க காலேஜ்ல மூணுதான் வச்சிருந்தோம்."

தலைவியம்மா என்னைத் தாண்டிப் போனார். பார்த்தார். வாசல் பக்கம் நடந்துவிட்டார்.

செப்டம்பர் 30, செவ்வாய்

சின்னவள் போனில், "அப்பா, நான் வயித்துல இருந்ததையே சாக்கா சொன்னீங்களாமே" என்று சண்டைக்கு வந்தாள். அரை மணி நேரம் சிரித்தாள். யார் சொன்னது என்று கேட்க வேண்டியதில்லை. எழுதிக்கொண்டிருப்பவளே குனிந்துகொண்டாள்.

அக்டோபர் 7, செவ்வாய்

காலேஜிலிருந்து ஆள் வந்து ஸ்டோர் ரூமின் மாற்றுச் சாவியைக் கேட்டான். பதினொரு வருடமாக என்னிடமே இருந்தது. கொடுத்துவிட்டேன். நியாயம்தான்.

(சாவி மாட்டியிருந்த ஆணியைச் சாயங்காலம் வரை பார்த்துக்கொண்டிருந்தார். இதை அவர் சொல்லவில்லை. நானாக எழுதுகிறேன்.)

அக்டோபர் 13, திங்கள்

தலைவியம்மா போன். பதினேழு நாள் கழித்து. நலம் விசாரிக்கவில்லை. "புதுத் தட்டு வந்திருக்கு. ரசமட்டம் வச்சுப் பார்த்தாச்சு. நாளைக்கு மூணாம் வருஷத்துல முதல் பேட்ச்சுக்கு எண்ணெய்த் துளி. குமிழ் திருப்ப எங்க யாருக்கும் கை வரல. பத்து மணிக்கு வந்துடுங்க" என்றார். "எண்ணைப் பத்தி வாயைத் திறக்கக் கூடாது."

"சரிம்மா."

"கைக்கு மட்டும்தான் வேலை."

"சரிங்கம்மா."

அக்டோபர் 14, செவ்வாய்

பத்தரைக்கு முதல் துளி நின்றது. நேராக, அந்தரத்தில், அசையாமல். அதன் வோல்ட் என்ன என்று எனக்குத் தெரியாது. மீட்டரை என் பக்கமிருந்து திருப்பி வைத்துவிட்டார் தலைவியம்மா. பிள்ளைகள் முறை வைத்து மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தார்கள். ஒருவன் தும்மினான், துளி போயே போய்விட்டது. மறுபடி பீய்ச்சினோம். மறுபடி. ஒருத்தி துளியைப் பார்த்து, "இறங்குடி, என் கண்ணே, இறங்கித் தொலை" என்று கெஞ்சினாள். சாப்பாட்டுக்குக்கூட யாரும் எழுந்திருக்கவில்லை.

சாயங்காலம் ஐந்து மணி. பதினேழு பேர். பதினேழு விடை. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. கண்ணாடி வாத்தியார் சிவப்புப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, எதில் கோடு போடுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார். தலைவியம்மா ஒவ்வொரு நோட்டாக வாங்கிப் பார்த்தார். பார்க்கப் பார்க்க முகம் மலர்ந்துகொண்டே வந்தது.

போகும்போது என்னிடம், "நாளைக்கும் பத்து மணி" என்றார்.